யாருக்கு ஏற்றம், யாருக்கு இறக்கம்: பங்குச் சந்தையைத் துறைவாரியாகப் படித்தல்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பங்குச் சந்தையைப் பற்றி வணிகவியல் மாணவர்களுக்குப் பயன்படும்படி பேச வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்கள். எந்தப் பங்கை வாங்கலாம் என்று நான் சொல்லப்போவதில்லை. அதைக் கேட்க வந்தவர்கள் இப்போதே எழுந்து போனாலும் எனக்கு வருத்தமில்லை. மாலையில் சந்தை முடிந்ததும் வெளியாகும் ஒரு சின்ன அட்டவணையைப் பற்றித்தான் பேசப்போகிறேன். வங்கி, ஐ.டி., வாகனம், உலோகம், மருந்து, நுகர்பொருள், ரியல் எஸ்டேட் என்று ஒவ்வொரு துறையும் அன்றைக்கு எவ்வளவு ஏறியது, எவ்வளவு இறங்கியது என்று அதில் இருக்கும். பெரும்பாலோர் அதன்மேல் கண்ணை ஓட்டிவிட்டு, 'சென்செக்ஸ் எவ்வளவு?' என்பதோடு நின்றுவிடுகிறார்கள்.

ஒரு திங்கட்கிழமை

2022 மே 23. அன்று தேசியப் பங்குச் சந்தையின் குறியீட்டெண்ணான நிஃப்டி அரை சதவீதம்கூட இறங்கவில்லை. 'சந்தையில் பெரிய மாற்றமில்லை' என்று ஒரே வரியில் முடித்துவிடக்கூடிய நாள். துறைவாரி அட்டவணையைத் திறந்தால் கதை வேறு. உலோகத் துறைக் குறியீட்டெண் சுமார் 8 சதவீதம் சரிந்திருந்தது. டாடா ஸ்டீல், ஜே.எஸ்.டபிள்யூ. ஸ்டீல் இரண்டும் 10 சதவீதத்துக்கு மேல் விழுந்திருந்தன. அதே நாளில் வாகனத் துறை ஏறியிருந்தது.

காரணம் இரண்டு நாள் முன்னால், சனிக்கிழமை வெளியான அறிவிப்பில் இருந்தது. விலைவாசியைக் கட்டுப்படுத்த மத்திய அரசு பல எஃகுப் பொருட்களுக்கு 15 சதவீத ஏற்றுமதி வரி விதித்தது. இரும்புத் தாதுவின் ஏற்றுமதி வரியை 50 சதவீதமாக உயர்த்தியது. அதே நாளில் பெட்ரோல் மீதான கலால் வரியை லிட்டருக்கு 8 ரூபாயும் டீசல் மீதானதை 6 ரூபாயும் குறைத்தது. வெளிநாட்டுக்குப் போக வேண்டிய எஃகு உள்நாட்டிலேயே தங்கினால் விலை இறங்கும். எஃகு விற்பவருக்கு அது நஷ்டம். எஃகை வாங்கி கார் செய்பவருக்கு லாபம். பெட்ரோல் விலை குறைந்தால் கார் வாங்க வருபவருக்கும் தயக்கம் குறையும்.

திங்கட்கிழமை மாலை அட்டவணையில் இருந்தது இந்தக் கைமாற்றம்தான். ஒரு பக்கத்தின் பற்றும் இன்னொரு பக்கத்தின் வரவும் ஒன்றையொன்று ஈடுசெய்துவிட்டதால் நிஃப்டியில் அது தெரியவில்லை. பேரேட்டில் மீதித் தொகையை மட்டும் பார்ப்பவருக்கு அன்று நடந்த வியாபாரம் எதுவும் தெரியாது என்பதை வணிகவியல் படிக்கும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

என் உரையின் சாரம் இவ்வளவுதான். ஒவ்வொரு பொருளாதார முடிவிலும் பெறுபவர் யார், கொடுப்பவர் யார் என்று சந்தை அன்றன்றே தன் கருத்தைத் துறைவாரி அட்டவணையில் எழுதி வைக்கிறது. அது தீர்ப்பு அல்ல, கருத்து. அப்படி எடுத்துக்கொண்டால் நாட்டு நடப்பைப் படிக்க அதைவிட நல்ல பாடப்புத்தகம் இல்லை. நாளைக்கு எது ஏறும் என்பதற்கான குறிசொல்லியாக எடுத்துக்கொண்டால் கைப்பணம் போகும்.

ரயிலும் ஆலையும்

துறை பிரித்துப் பார்க்கும் பழக்கம் குறியீட்டெண்ணோடு சேர்ந்தே பிறந்தது. நியூயார்க்கில் சார்லஸ் டௌ 1884-இல் முதன்முதலாக 11 பங்குகளின் சராசரியை வெளியிட்டபோது அவற்றில் 9 ரயில் கம்பெனிகள். அன்றைய அமெரிக்காவில் பெரிய கம்பெனி என்றால் ரயில் கம்பெனிதான். 1896 மே 26 அன்று 12 தொழில் நிறுவனங்களை வைத்து அவர் தனியாக ஒரு சராசரியை வெளியிட்டார். அதுதான் இன்றைய டௌ ஜோன்ஸ் தொழில்துறைச் சராசரி. ரயில் பங்குகளின் சராசரி தனியே தொடர்ந்தது.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில் ஒரு தர்க்கம் இருந்தது. ஆலையில் செய்த சரக்கை ரயில் ஏற்றிச் செல்ல வேண்டும். ஆலைப் பங்குகள் ஏறிக்கொண்டே போக ரயில் பங்குகள் அசையாமல் நின்றால், சரக்கு கிடங்கில் கிடக்கிறதோ என்று சந்தேகப்பட வேண்டும். டௌவுக்குப் பின் வந்தவர்கள் இதை ஒரு கோட்பாடாகவே வகுத்தார்கள்.

நம் நாட்டில் மும்பைப் பங்குச் சந்தை 1875-இல் தொடங்கியது. ஆனால் சென்செக்ஸ் வந்தது 1986-இல், 1978-79-ஐ 100 என்று அடிப்படையாக வைத்து. நிஃப்டி 1996-இல் வந்தது. வங்கித் துறைக்கான நிஃப்டி பேங்க், 2000 ஜனவரி 1-ஐ 1,000 என்று கொண்டு கணக்கிடப்படுகிறது. இன்று ஒரு டஜனுக்கு மேற்பட்ட துறைக் குறியீட்டெண்கள் இருக்கின்றன. சென்னைக்கும் ஒரு சந்தை இருந்தது. 1937-இல் புத்துயிர் பெற்று, இரண்டாவது கடற்கரைச் சாலையில் இயங்கிய சென்னைப் பங்குச் சந்தை 2015-இல், சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியின் அனுமதியோடு, பங்குச் சந்தைப் பணியிலிருந்து விலகியது. அதற்குள் வர்த்தகம் முழுக்கக் கணினித் திரைக்குப் போய்விட்டது. சென்னையில் இருப்பவருக்கும் செங்கோட்டையில் இருப்பவருக்கும் ஒரே நொடியில் ஒரே விலை.

கணக்கிடும் முறை எளிது. ஒரு துறையில் தேர்ந்தெடுத்த நிறுவனங்களில் புரமோட்டர்கள் கையில் இருப்பது போக, சந்தையில் புழங்கும் பங்குகளின் மொத்த மதிப்பை அடிப்படை நாள் மதிப்போடு ஒப்பிடுகிறார்கள். பெரிய நிறுவனத்துக்குப் பெரிய எடை, சின்னதற்குச் சின்ன எடை. பட்டியலை ஆண்டுக்கு இருமுறை, மார்ச் இறுதியிலும் செப்டம்பர் இறுதியிலும் திருத்துகிறார்கள்.

வரி குறைந்தது, சில பங்குகளும் இறங்கின

இன்னொரு நாளைப் பார்ப்போம். 2019 செப்டம்பர் 20, வெள்ளிக்கிழமை. விலக்குகளை விட்டுக்கொடுக்கும் நிறுவனங்களுக்கு அடிப்படை வருமான வரி 30 சதவீதத்திலிருந்து 22 சதவீதமாகக் குறைக்கப்படும் என்று நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் அறிவித்தார். சென்செக்ஸ் ஒரே நாளில் 1,921 புள்ளிகள், அதாவது 5 சதவீதத்துக்கு மேல் ஏறியது. மாருதி பங்கு மட்டும் 10 சதவீதத்துக்கு மேல்.

அப்படிப்பட்ட நாளிலும் சில பங்குகள் இறங்கி முடிந்தன. இன்ஃபோசிஸ், டி.சி.எஸ்., பவர்கிரிட், என்.டி.பி.சி. ஏன்? அன்றைய பாடமே அங்கேதான் இருக்கிறது.

ஐ.டி. நிறுவனங்கள் சிறப்புப் பொருளாதார மண்டலச் சலுகைகளால் ஏற்கெனவே குறைவான வரிதான் கட்டிவந்தன. முழு வரி கட்டியவருக்குக் கிடைத்த நிவாரணம் அவர்களுக்குப் பெரிதாக இல்லை. முதலீட்டாளர்கள் அங்கிருந்து பணத்தை எடுத்து, அதிகம் லாபம் பெறப்போகும் துறைக்கு நகர்த்தினார்கள். மின்சார நிறுவனங்களின் கதை இன்னும் சுவையானது. மின் கட்டணத்தை ஒழுங்குமுறை ஆணையம் நிர்ணயிக்கிறது. நிறுவனம் போட்ட முதலுக்கு இவ்வளவு வருமானம் என்று வரையறுத்து, அதன்மேல் வரியையும் சேர்த்துக் கட்டணம் வகுக்கிறார்கள். வரி குறைந்தால் கட்டணக் கணக்கில் அது கழிந்துபோகும். நிறுவனத்தின் பையில் தங்காது. வரிக்குறைப்பு என்ற ஒரே செய்தி கார் கம்பெனிக்கு லாபமாகவும் மின் கம்பெனிக்கு ஒன்றுமில்லாததாகவும் ஆனது இப்படித்தான். பாடநூலில் 'வரிச்சுமை யார் தலையில் இறங்குகிறது' என்று ஒரு பாடம் வருமே, அதன் செய்முறை விளக்கம் அன்று மாலை அட்டவணையில் கிடந்தது.

தேர்தல் முடிவு நாள்

மூன்றாவது நாள், 2024 ஜூன் 4. மக்களவைத் தேர்தல் முடிவு. முந்தைய நாள் திங்கட்கிழமை, வாக்குக் கணிப்புகளை நம்பி நிஃப்டி 3 சதவீதத்துக்கு மேல் ஏறியிருந்தது. பொதுத்துறை வங்கிகள் சுமார் 8 சதவீதம். செவ்வாய்க்கிழமை எண்ணிக்கை தொடங்கி, பா.ஜ.க.வுக்குத் தனிப் பெரும்பான்மை இல்லை, 240 இடங்கள்தான் என்று தெளிவானபோது நிஃப்டி கிட்டத்தட்ட 6 சதவீதம் வீழ்ந்தது. பொதுத்துறை வங்கிக் குறியீட்டெண் சுமார் 15 சதவீதம் சரிந்தது. எல்லாத் துறைகளும் சிவப்பில் இருக்க, ஒன்று மட்டும் பச்சை. சோப்பு, பிஸ்கட், பற்பசை விற்கும் நுகர்பொருள் துறை சுமார் 1 சதவீதம் ஏறியது.

பயந்த நாளில் சோப்புக் கம்பெனியில் அடைக்கலம் தேடுவது பழைய வழக்கம். சந்தை எப்படிப் போனாலும் குளிப்பதை யாரும் நிறுத்துவதில்லை. அதற்கும் மேல் ஒரு கணிப்பு அன்று விலையில் ஏறியிருந்தது. கூட்டணி அரசு சாலை, ரயில், பாதுகாப்பு என்று மூலதனச் செலவு செய்வதைக் குறைத்து, கிராமத்து மக்கள் கையில் பணம் போகும் திட்டங்களுக்குத் திரும்பும் என்பது அந்தக் கணிப்பு.

அது பலித்ததா? ஜூலையில் வந்த பட்ஜெட் மூலதனச் செலவை, பிப்ரவரி இடைக்கால பட்ஜெட்டில் சொன்ன அதே 11.11 லட்சம் கோடி ரூபாயில் வைத்தது. ஒரு பைசாகூடக் குறைக்கவில்லை. ஜூன் 4 மாலை அட்டவணை எழுதி வைத்த கருத்தின் இந்தப் பகுதி ஏழு வாரத்தில் தவறாகிப்போனது. அட்டவணை தீர்ப்பு அல்ல, கருத்து என்று சொன்னேனே, அதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

அந்த வாரத்தில் கவனிக்க வேண்டியது இன்னொன்றும் உண்டு. மூன்றே வர்த்தக நாட்களில், வெள்ளிக்கிழமைக்குள், நிஃப்டி இழந்ததை மீட்டு வீழ்ச்சிக்கு முந்தைய அளவைத் தாண்டிவிட்டது. 'சந்தை மீண்டது' என்று தலைப்புப் போட்டார்கள். ஸ்டேட் வங்கிப் பங்கு அப்போதும் மீளவில்லை. ஐ.டி. உள்ளிட்ட பிற துறைகளின் ஏற்றம் அந்த இழப்பை மூடி மறைத்திருந்தது. மீண்டது சந்தையின் சராசரி. பொதுத்துறை வங்கியில் பணம் போட்டவர் மீளவில்லை.

சதவீதக் கணக்கிலும் இங்கே எச்சரிக்கை தேவை. 15 சதவீதம் இறங்கியது மறுபடி 15 சதவீதம் ஏறினால் பழைய இடத்துக்கு வராது. 100 ரூபாய் 85 ஆகி, அதன்மேல் 15 சதவீதம் ஏறினால் 97 ரூபாய் 75 காசுதான். முழுசாக மீள 17.6 சதவீதத்துக்கு மேல் வேண்டும்.

எடை எங்கே இருக்கிறது?

அட்டவணையை வாசிப்பதில் உள்ள வழுக்கல்களைச் சொல்கிறேன். முதலாவது, எடை. 2017 ஜூலை 17 மாலை, சிகரெட் மீதான ஜி.எஸ்.டி. கூடுதல் வரியை ஜி.எஸ்.டி. கவுன்சில் உயர்த்தியது. மறுநாள் ஐ.டி.சி. பங்கு 12 சதவீதத்துக்கு மேல் விழுந்தது. அதோடு நுகர்பொருள் துறைக் குறியீட்டெண்ணும் 6 சதவீதத்துக்கு மேல் விழுந்தது. அட்டவணையை மட்டும் பார்த்தவர் நாட்டில் சோப்பும் பிஸ்கட்டும் விற்பது நின்றுவிட்டதோ என்று நினைத்திருப்பார். நடந்தது சிகரெட்டுக்கு வரி. அந்தத் துறையின் பெரிய எடை ஒரு சிகரெட் கம்பெனியிடம் இருந்ததால் துறை முழுக்கச் சிவந்தது.

2024 ஜனவரி 17 அன்று எச்.டி.எஃப்.சி. வங்கி, காலாண்டு முடிவுகள் ஏமாற்றம் தந்ததால் 8 சதவீதத்துக்கு மேல் இறங்கியது. நிஃப்டி பேங்க் 4 சதவீதத்துக்கு மேலும் நிஃப்டி 2 சதவீதத்துக்கு மேலும் இறங்கின. ஒரு வங்கியின் கணக்குப் புத்தகம் நாட்டின் குறியீட்டெண்ணையே இழுத்துவிட்டது.

இதைத் தடுக்க விதிகள் இருக்கின்றன. துறைக் குறியீட்டெண்ணைச் சீரமைக்கும்போது எந்த ஒரு நிறுவனமும் 33 சதவீதத்தையும், முதல் மூன்றும் சேர்ந்து 62 சதவீதத்தையும் தாண்டக்கூடாது என்பது தேசியப் பங்குச் சந்தையில் இருந்துவரும் வரம்பு. நிஃப்டி பேங்க் போன்றவற்றுக்குச் செபி 2025-இல் இதை இன்னும் இறுக்கி, குறைந்தது 14 நிறுவனங்கள், முதல் நிறுவனத்துக்கு 20 சதவீதம், முதல் மூன்றுக்கு 45 சதவீதம் என்று வகுத்தது. விதி இருந்தாலும் நீங்கள் செய்ய வேண்டிய சோதனை ஒன்று உண்டு. துறை 3 சதவீதம் இறங்கியது என்றால், அதில் உள்ள நிறுவனங்களில் எத்தனை ஏறின, எத்தனை இறங்கின என்று எண்ணிப்பாருங்கள். பதினைந்தில் பதின்மூன்று இறங்கியிருந்தால் அது துறையின் செய்தி. இரண்டே இறங்கியிருந்தால் அந்த இரண்டு கம்பெனிகளின் செய்தி.

ஒரே பெயர்ப்பலகையின் கீழ்

இரண்டாவது வழுக்கல், வகைப்பாடு. எண்ணெய்-எரிவாயுத் துறைக் குறியீட்டெண்ணில் ஓ.என்.ஜி.சி.யும் இருக்கிறது, இந்தியன் ஆயிலும் இருக்கிறது. ஒன்று பூமியிலிருந்து கச்சா எண்ணெய் எடுத்து விற்பது. மற்றது கச்சா எண்ணெயை வாங்கிப் பெட்ரோலாக்கி விற்பது. கச்சா விலை ஏறினால் முதலாமவருக்குக் கொண்டாட்டம். இரண்டாமவருக்கு, பெட்ரோல் நிலையத்தில் விலையை உயர்த்த முடியாத நாட்களில், திண்டாட்டம். 'எண்ணெய்த் துறை இன்று அசையவில்லை' என்று அட்டவணை சொல்லும் நாளில், உள்ளே இருவர் எதிரெதிர்த் திசையில் இழுத்துக்கொண்டிருக்கலாம்.

ரிலையன்ஸை அதே எண்ணெய்த் துறையில்தான் வைத்திருக்கிறார்கள். ஆனால் ஜியோவும் சில்லறை வணிகமும் அதன் லாபத்தில் பெரும்பங்கு தருகின்றன. உலக அளவில் எம்.எஸ்.சி.ஐ.யும் எஸ் அண்டு பி-யும் 1999-இல் வகுத்த துறை வகைப்பாட்டிலும் இந்தச் சிக்கல் வந்தது. 2018-இல் கூகுளின் தாய் நிறுவனமான ஆல்ஃபபெட்டையும் ஃபேஸ்புக்கையும் தகவல் தொழில்நுட்பத்திலிருந்து எடுத்துத் தகவல் தொடர்புச் சேவைக்கு மாற்றினார்கள். 2023-இல் விசாவையும் மாஸ்டர்கார்டையும் தொழில்நுட்பத்திலிருந்து நிதித்துறைக்கு மாற்றினார்கள். மாற்றிய நாளில் அந்தக் கம்பெனிகள் செய்யும் வேலை மாறவில்லை. பத்தாண்டு ஒப்பீடு செய்பவர் இதைத் தெரிந்துகொள்ளாவிட்டால் ஒப்பீடே பொய்யாகும்.

நம்மூர்க் கம்பெனிகளை வைத்தே இதைச் சோதிக்கலாம். சென்னையின் எம்.ஆர்.எஃப். வாகனத் துறையில் இருக்கிறது. ஆனால் அதன் செலவைத் தீர்மானிப்பது ரப்பரும் கச்சா எண்ணெயும். டாடா குழுமமும் தமிழக அரசின் டிட்கோவும் சேர்ந்து தொடங்கிய டைட்டன், நீண்டகால நுகர்பொருள் வரிசையில் இருந்தாலும் தங்கம் விலையோடு பிணைந்திருக்கிறது. கும்பகோணத்தின் சிட்டி யூனியன் வங்கியையும் கரூர் வைஸ்யா வங்கியையும் 'தனியார் வங்கி' என்ற ஒரே சொல்லுக்குள் எச்.டி.எஃப்.சி.யோடும் ஐ.சி.ஐ.சி.ஐ.யோடும் அடைத்துவிட முடியாது. ஊர்ப்புறத்துச் சிறு வியாபாரிக்கும் நகைக்கும் கடன் கொடுக்கும் வங்கியின் கதை வேறு.

ஒரு நாள் என்பது எவ்வளவு சிறியது

மூன்றாவது வழுக்கல்தான் ஆபத்தானது. தினசரி அட்டவணையை வைத்துத் தினசரி வர்த்தகம் செய்வது.

2020-ஐ முழு ஆண்டாகப் பாருங்கள். நிஃப்டி சுமார் 15 சதவீதம் ஏறியது. மருந்துத் துறை சுமார் 60 சதவீதம் ஏறியது. பொதுத்துறை வங்கிகள் சுமார் 30 சதவீதம் இறங்கின. இவ்வளவு தெளிவான போக்கு இருந்த ஆண்டிலும், மார்ச் 23 அன்று நிஃப்டி ஒரே நாளில் 13 சதவீதம் சரிந்தபோது எந்தத் துறையும் தப்பவில்லை. நாளின் இரைச்சலில் ஆண்டின் போக்கு தெரியாது. அதனால்தான் அனுபவசாலிகள் துறைக் குறியீட்டெண்ணை நிஃப்டியால் வகுத்து, அந்த விகிதம் மாதக்கணக்கில் எப்படிப் போகிறது என்று பார்க்கிறார்கள்.

ஈவுத்தொகையையும் மறக்கக்கூடாது. கோல் இந்தியா போல அதிக டிவிடெண்ட் தரும் பங்கு, அதற்கான தகுதி நாள் தாண்டியதும் அந்தத் தொகை அளவுக்கு இறங்கும். அட்டவணையில் அது நஷ்டமாகத் தெரியும். பணம் முதலீட்டாளர் கணக்குக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். 2018 பிப்ரவரி முதல் மியூச்சுவல் ஃபண்டுகள் ஈவுத்தொகையையும் சேர்த்த குறியீட்டெண்ணோடுதான் தங்களை ஒப்பிட வேண்டும் என்று செபி ஆணையிட்டது இதனால்தான்.

தினசரி வர்த்தகத்துக்குத் திரும்புவோம். நிஃப்டி பேங்க் ஒரு காலத்தில் வங்கித் துறையின் அளவுகோலாக இருந்தது. வாராந்திர ஆப்ஷன்ஸ் வந்தபின் அது பலருக்குச் சூதாட்டப் பலகையாயிற்று. 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் பங்கு சார்ந்த ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் வர்த்தகத்தில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் பணம் இழந்தார்கள் என்று செபியின் ஆய்வு 2024 செப்டம்பரில் சொன்னது. மொத்த இழப்பு 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். அடுத்து வந்த கட்டுப்பாடுகளால் 2024 நவம்பரில் நிஃப்டி பேங்க்கின் வாராந்திர ஆப்ஷன்ஸ் நின்றது.

சற்று முன் சொன்ன 2024 ஜனவரி 17 நினைவிருக்கட்டும். அன்று காலை வங்கிப் பங்குகளை வாங்கிக் குவித்துக் குறியீட்டெண்ணைத் தாங்கி, பிறகு விற்று இறக்கி, ஆப்ஷன்ஸில் லாபம் பார்த்ததாகக் குற்றம்சாட்டி, அமெரிக்காவின் ஜேன் ஸ்ட்ரீட் நிறுவனத்தின் மீது செபி 2025 ஜூலையில் இடைக்கால உத்தரவு பிறப்பித்தது. நிறுவனம் குற்றச்சாட்டை மறுத்து, மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தை நாடியது. யார் சொல்வது சரி என்பது தீர்ப்பாயத்தின் வேலை. நமக்கு வேண்டிய செய்தி, ஒரு துறையின் ஒரு நாள் எண்ணைப் பணபலத்தால் அசைக்க முடியுமா என்ற கேள்வியே ஒழுங்குமுறை அமைப்பின் முன்னால் வழக்காக நிற்கிறது என்பதுதான். ஒரு நாள் எண்ணை நம்பிச் சேமிப்பை வைக்காதீர்கள்.

ஒரு குறிப்பேடு

கடைசியாக, மாணவர்களுக்கு ஒரு வேலை தருகிறேன். முதல் தேவை ஒரு நாற்பது பக்க நோட்டு. ஒவ்வொரு வர்த்தக நாளும் ஆறு பத்திகள். தேதி. அதிகம் ஏறிய இரண்டு துறைகள். அதிகம் இறங்கிய இரண்டு துறைகள். அந்தத் துறைகளுக்குள் ஏறியவை எத்தனை, இறங்கியவை எத்தனை. காரணம், ஒரே வரியில். ஆறாவது பத்தியைக் காலியாக விடுங்கள். மூன்று மாதம் கழித்து அந்தக் காரணம் உண்மையானதா என்று பார்த்து எழுத அது.

காரணம் தெரியாத நாளில் ஐந்தாவது பத்தியையும் காலியாக விடுங்கள். செய்தித்தாளில் தினமும் ஒரு காரணம் இருக்கும். ஒன்றும் கிடைக்காவிட்டால் 'லாபம் எடுக்க விற்றனர்' என்று எழுதிவிடுவார்கள். விற்ற ஒவ்வொரு பங்கையும் எதிரே ஒருவர் வாங்கியிருக்கிறார் என்பதால் அது ஒன்றையும் விளக்குவதில்லை. உங்கள் நோட்டில் காலி இடங்கள் அதிகம் இருப்பதே நேர்மையின் அடையாளம். நிரம்பிய சில வரிகள்தான் பாடம். ஏற்றுமதி வரி வந்த திங்கட்கிழமை, வருமான வரி குறைந்த வெள்ளிக்கிழமை, சிகரெட் வரி கூடிய மறுநாள் போன்றவை.

ஆண்டு முடிவில் வகுப்பே சேர்ந்து இந்த நோட்டுகளை ஒப்பிட்டு, ஆறாவது பத்தியில் எத்தனை சரி, எத்தனை தவறு என்று ஒரு கட்டுரையாக்கினால் அது நல்ல ஆய்வேடு ஆகும். துறைத் தலைவர் இதைச் செயல்திட்டமாக ஏற்றுக்கொள்வார் என்று நம்புகிறேன்.

2020 மார்ச்சில் நாட்டில் டீமேட் கணக்குகள் சுமார் 4 கோடி. 2022 ஆகஸ்டில் அது 10 கோடியைத் தாண்டியது. பிறகும் வளர்ந்துகொண்டே இருக்கிறது. உங்களில் பலரிடமும் ஒன்று இருக்கும். பங்கு வாங்காதவரும் வரி கட்டுகிறார், பெட்ரோல் போடுகிறார், வீட்டுக் கடனுக்கு வட்டி கட்டுகிறார். பட்ஜெட்டுக்கு மறுநாளோ ரிசர்வ் வங்கி வட்டியை மாற்றிய அன்றோ துறைவாரி அட்டவணையைத் திறந்து பாருங்கள். அந்த முடிவில் யாருக்குக் கூடும், யாருக்குக் குறையும் என்று பணம் வைத்திருப்பவர்கள் நினைப்பது அதில் இருக்கும். அவர்கள் நினைத்தது சரிதானா என்று மூன்று மாதம் கழித்துச் சரிபார்க்கும் பொறுப்பு உங்களுடையது.